பூனைப் பை: 6 வருஷப் பழக்கமும் தீராத ஒரு சத்தமும்

தையலுக்குக் கொடுத்திருந்த பை நேற்றுதான் கைக்கு வந்தது. சொல்லிவைத்தாற்போல நேற்றே, மரத்தில் மாட்டிக்கொண்ட பூனைகளை இறக்க என்னோடு ஏறும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, இனிமே நானும் தனியாப் போய்ப் பூனை இறக்கலாம்னு இருக்கேன். நீங்க வச்சிருக்கிற பையையே வாங்கிடட்டுமா?" வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சட்டென்று வாயில் வரவில்லை. 6 வருஷம் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறிய சாமான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அளவு, எடை, துணி வகை எல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருப்பார்கள். அமைப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன், இதன் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பெரிய தலையணை உறை மாதிரி ஒரு பை. அதன் அடியில் ஒரு தோல் கையுறையை உள்நோக்கித் தைத்திருப்பார்கள். வெளியில் இருந்து அதற்குள் கையை நுழைத்து, பையைப் புறம் திருப்பி முழங்கை வரை சுருட்டிக்கொள்ள வேண்டும். பூனையின் பிடரித் தோலைப் பிடித்ததும், மறு கையால் சுருளை முன்னால் தள்ளினால் பை பூனையின் மேல் உறை போலக் கவிழ்ந்துவிடும். வாயை இறுக்கிக் கட்டிய பிறகுதான் கையுறையில் இருந்து கையை உருவுகிறோம். பூனையை விடும் அந்த நொடியில் அது வெளியே பாயும் வழியே இல்லை.

இதற்கு முன்னால் நான் படாத பாடு இல்லை. கனத்த துண்டு வைத்துப் பார்த்தேன். பாதிச் சுற்றலில் பூனை நழுவும். கூண்டை மேலே ஏற்றிப் பார்த்தேன். கதவைத் திறக்க ஒரு கை, பூனைக்கு இரண்டு கை, மரத்தைப் பிடிக்க எந்தக் கை? தோளில் மாட்டும் ஜிப் பை கொஞ்ச காலம் ஓடியது. ஒரு தடவை ஜிப்பை மூடும் இடைவெளியில் ஆள்காட்டி விரலில் பல் இறங்கிவிட்டது. பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போய்ப் பாஸ்டுரெல்லா கிருமியை வைத்துவிட்டு வரும். மறுநாள் காலையில் கை மணிக்கட்டு வரை வீங்கி, பத்து நாள் கயிற்றைத் தொடவில்லை. இந்தப் பை வந்த பிறகு என் கையில் ஒரு கடி கூட இல்லை. இது சின்ன விஷயம் இல்லை.

நான் எதிர்பார்க்காத இன்னொரு சந்தோஷமும் இதில் உண்டு. பை கவிழ்ந்து இருட்டானதும் பூனை அடங்கிவிடும். அதுவரை சீறி, காதை மடக்கி, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது, அப்படியே சுருண்டு ஒரு கனமான உருண்டையாக மடியில் உட்கார்ந்துவிடும். நான் உடனே இறங்க மாட்டேன். கிளையில் காலைப் போட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்து உள்ளங்கையை மேலே வைப்பேன். துணி வழியாக இதயம் எண்ண முடியாத வேகத்தில் தட்டுவது தெரியும். கொஞ்ச நேரத்தில் அது தணிவதும் தெரியும். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு நிமிஷம்தான்.

துணியும் வயதாக ஆக நன்றாகிறது. புதிதில் பூச்சு போட்ட நைலான், தொட்டாலே சரசரக்கும். முப்பது தடவை துவைத்திருப்பேன், பூச்சு போய் இப்போது பழைய வேட்டி மாதிரி மெத்தென்று இருக்கிறது. காற்றுக்காக வைத்த வலைத்துண்டு இன்னும் கிழியவில்லை. கையுறைத் தையல் மட்டும் 4ஆவது வருஷம் விட்டது, பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போட்டபின் தொல்லை இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தலைப்பில் சொன்ன அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

பையின் வாயில் ஒரு சுருக்குக் கயிறும், அதை இறுக்கிப் பிடிக்க அழுத்துப் பொத்தானும் இருக்கின்றன. அதோடு விட்டிருக்கலாம். அதற்கு மேல், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டி ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பையைச் சுருட்டி இடுப்பில் மாட்டும்போது அது விரிந்துவிடாமல் பிடிப்பதும் அந்தப் பட்டிதான். அப்படியானால் அதை எங்கே பிரிக்க வேண்டும்? பூனைக்குப் பக்கத்தில். கையெட்டும் தூரத்தில், காற்றும் நின்றுபோன உச்சிக்கிளையில், மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு இருக்கும்போது, சர்ர்ர் என்று.

மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனையின் காது 60ஐயும் தாண்டிக் கேட்கும். எலிக்குஞ்சின் கீச்சொலியைப் புல்லுக்குள் இருந்து பொறுக்கி எடுக்கப் படைத்த காது. நமக்கே பல் கூசும் சத்தம் அதற்கு எப்படி இருக்கும் என்று இந்தப் பையை வடிவமைத்தவர் ஒரு நொடி யோசிக்கவில்லை என்பதுதான் என் கோபம். தரையில் மேசை மேல் வைத்துப் பார்த்தால் அழகான பட்டி. மேசையில் பூனை உட்கார்ந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டால் பூனை கொஞ்சம் நகரும், அவ்வளவுதானே என்று கேட்பார்கள். எங்கே நகரும் என்பதுதான் விஷயம். பூனையின் நகம் உள்நோக்கி வளைந்தது. தலை மேலே இருக்கும்போது உடம்பின் எடையே நகத்தை மரத்தில் ஊன்றும். தலையைக் கீழே திருப்பினால் அதே நகம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அணில் பின்னங்கால் கணுக்காலைப் பின்னுக்குத் திருப்பித் தலைகீழாக இறங்கும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கும் மார்கே என்ற சின்னக் காட்டுப்பூனையும் அப்படியே. வீட்டுப் பூனைக்கு அந்தக் கணுக்கால் வாய்க்கவில்லை. அது பின்பக்கமாக இறங்கத்தான் முடியும், அதுவும் எல்லாவற்றுக்கும் கைவந்த வித்தை இல்லை. ஆகவே மிரண்ட பூனைக்கு இரண்டே வழி: இன்னும் மேலே, அல்லது கிளையின் நுனிக்கு.

நுனிக்குப் போனால் கதை மாறிவிடும். என் கயிறு தண்டுக்குப் பக்கத்தில், நம்பகமான ஒரு கவையில் கிடக்கிறது. அங்கிருந்து விலக விலகக் கயிறு சாய்ந்துகொண்டே போகும், காலடியில் கிளை மெலிந்துகொண்டே போகும். ஒரு சறுக்கு சறுக்கினால் ஊஞ்சல் மாதிரி வீசப்பட்டுத் தண்டில்தான் போய் மோதுவேன். அதனால் இன்னொரு கவைக்குக் கயிற்றை மாற்றிப் போட்டு, மறுபடி முதலில் இருந்து அங்குலம் அங்குலமாக நெருங்க வேண்டும். ஒரு சர்ர்ர், ஒரு மணி நேரம்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. பட்டியைக் கீழேயே பிரித்துவிட்டு ஏறிப் பார்த்தேன். தொங்கிக்கொண்டு வந்து பட்டையிலும் பாசியிலும் ஒட்டியது. இடுப்புப் பக்கம் உரசி உரசி, ஏறும் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் என் புரூசிக் கயிற்றின் உறையைப் பிசிறு பிசிறாக்கிவிட்டது. என் உயிர் தொங்கும் கயிறு அது; அன்றைக்கே மாற்றினேன். துணித்துண்டை வைத்துப் பட்டியின் கொக்கிப் பக்கத்தை மறைத்தேன், பாதி வழியில் அது விழுந்தது. பட்டி பூனையின் கழுத்து ரோமத்தில் ஒட்டிக்கொண்டு, நாயுருவி மாதிரி பிய்த்தெடுக்க வேண்டிவந்ததும் உண்டு. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர் 1941இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்துத்தான் இதை யோசித்தார், 1955இல் காப்புரிமை எடுத்தார். பிறந்ததே ரோமத்தைப் பிடிக்கும் குணத்தில் இருந்து. அதைக் கொண்டுபோய்ப் பூனையின் கழுத்துக்கு நேராகத் தைத்திருக்கிறார்கள்.

3ஆவது வருஷம் பட்டி நைந்துபோனபோது, இனி சத்தம் இருக்காது என்று சந்தோஷப்பட்டேன். வேறொரு கிழிசலைத் தைக்கக் கொடுத்திருந்தேன். தையற்காரர் நல்ல மனசோடு புதுப் பட்டியும் வைத்துக் கொடுத்துவிட்டார், முன்னதைவிட அகலமாக.

நியாயமாகப் பார்த்தால் பட்டிக்கும் ஒரு காரணம் உண்டு. செய்தவர்களுக்கு நான் எழுதிக் கேட்டேன். பொத்தான் மட்டும் போதாது, நழுவும் என்று பதில் வந்தது. அது பொய் இல்லை. 2ஆவது வருஷம் பட்டியை ஒட்டாமல் இறங்கிய ஒரு தடவை, பாதி வழியில் பொத்தான் நெகிழ்ந்து ஒரு முன்னங்கால் வெளியே வந்துவிட்டது. தரைக்கு இன்னும் 9 மீட்டர். ஒரு கையால் பை வாயை முறுக்கிப் பிடித்தபடியே மிச்சமும் இறங்கினேன். இரட்டைப் பூட்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டாவது பூட்டு சத்தமில்லாததாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது தையலுக்குப் போனதற்குக் காரணம் போன மாதம் ஒரு சாம்பல் நிறக் கிழப்பூனை. மூன்று ராத்திரியாக மேலே இருந்தது. அதுவாக இறங்கிவிடும் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே மூன்று நாள். விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒருவர் அங்கேயே வாதம் செய்தார். 1987இல் நியூயார்க்கில் உயரத்தில் இருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது, சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் நிறைய. அது ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்த பூனைகளின் கணக்கு. விழுந்த இடத்திலேயே போனவை அதில் எப்படி வரும்? பிழைத்தவற்றிலும் நெஞ்சில் அடிபட்டவை, தாடை உடைந்தவை ஏராளம். விழாமலே உட்கார்ந்திருந்தாலும் ஆபத்துதான். சில நாள் பட்டினி கிடந்தால் பூனைக்கு, அதுவும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும்.

18 மீட்டர் உயரத்தில், மணிக்கட்டு அளவுக் கிளையில் குந்தியிருந்தது. அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்தேன். பாதிக் கண்ணை மூடி மெதுவாகத் திறந்து காட்டினேன். அதுவும் ஒரு தடவை மூடித் திறந்தது. விரலை நீட்டினேன், மோந்து பார்த்தது. சரி என்று பையைப் பிரித்தேன்.

சத்தம் கேட்டு அது ஒன்றரை மீட்டர் வெளியே போய்விட்டது. கிளை வளைந்து ஆடியது. கீழே இருந்து அதை வளர்த்த அம்மாவின் குரல் வந்தது: "என்ன தம்பி கிழிஞ்சுது? பை கிழிஞ்சிடுச்சா?" 18 மீட்டருக்குக் கீழே, வயதான அந்தக் காதுக்கே கேட்டிருக்கிறது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, தூறலும் பிடித்துக்கொண்டது. ஈரக்கிளையின் நுனிக்கு இருட்டில் போக முடியாது. வெறும் பையோடு இறங்கினேன். "காலையில வரேன்மா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், மரத்தடியை விட்டு நகரவில்லை.

விடியும்போது போனால் அங்கேயேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூனையும் அதே இடம். இந்தத் தடவை பட்டியைக் கத்தியால் அறுத்துவிட்டு ஏறினேன். நனைந்து, நடுங்கி, எதிர்க்கத் தெம்பில்லாமல் இருந்தது. பிடரியைப் பிடித்த பிறகும் முன்னங்கால் நகங்கள் பட்டையை விடவில்லை. இழுத்தால் இன்னும் ஆழமாக ஊன்றும். ஒவ்வொரு பாதமாக முன்னால் தள்ளித் தூக்கினால்தான் கழன்று வரும். இடது காலில் நாலு, வலது காலில் நாலு. பை கவிழ்ந்ததும் அடங்கியது. மடியில் வைத்து இரண்டு நிமிஷம் உட்கார நினைத்தேன், கீழே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு நேராக இறங்கினேன். பூனை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நாலாவது ராத்திரி அதற்கும் அந்த அம்மாவுக்கும் இந்தப் பட்டியால் வந்தது. அதை நான் மறக்கத் தயாராக இல்லை.

இப்போது பட்டி இருந்த இடத்தில் ஒரு பருத்தி நாடா. பை வாயை முறுக்கி, மடித்து, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, காரபினர் என்ற பூட்டுக் கொக்கியில் ஒரு முடிச்சு. நேற்று பத்துத் தடவை கட்டி அவிழ்த்துப் பார்த்தேன், மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. கையைக் காப்பாற்றியது, பூனையை அடக்கியது, 6 வருஷம் உழைத்தது, எல்லாம் உண்மை. இருந்தாலும் அந்தப் பட்டியோடு இன்னொரு பை இன்னொரு மரத்தில் ஏறுவதற்கு என் வாயால் சிபாரிசு செய்ய மாட்டேன். கையுறை வைத்த பை ஒன்றை நல்ல தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொள், வாய்க்கு நாடா போதும். அளவெடுக்க என்னுடையதைக் கொண்டு போ.

அதற்குள் யாராவது கூப்பிட்டால் அதையே எடுத்துக்கொண்டு ஏறு. திருப்பித் தரும்போது வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, கையுறையின் விரல் நுனி வரை காய்ந்துவிட்டதா என்று உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கொடு. முந்தின பூனையின் வாடை இருந்தால் அடுத்தது பக்கத்திலேயே விடாது.