சுகரோடு 12 வருடம் சைக்கிள் ஓட்டியதில்

எனக்கு 65 வயது. சுகர் வந்து 17 வருடம், விட்டுப்போன சைக்கிளை மறுபடி எடுத்து 12 வருடம். ஊர் மதுரை. வார நாட்களில் 10, 12 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய்த் திரும்புவது, அதாவது 42 கிலோமீட்டர், இதுதான் ரொம்ப வருடம் என் கணக்கு.

முதலில் எல்லோரும் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளால் சுகர் போய்விடவில்லை. ஆரம்பித்தபோது எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாத சுகரின் சராசரியைக் காட்டும் டெஸ்ட், 8.9, ஒரு வருடத்தில் 7.4. அதற்குக் கீழே மிதித்து மிதித்தும் இறங்கவில்லை, ராத்திரி பரோட்டாவை விட்ட பிறகுதான் 7-க்கு வந்தது. வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஓட்டி முடித்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் அந்தப் பலன் இருக்கும். ஆனால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டால் மீட்டரில் தெரிந்துவிடும். ஞாயிறு மட்டும் ஓட்டி போட்டோ போடுவதைவிட தினமும் அரை மணி நேரம் மேல்.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. சைக்கிள் ஓட்டுகிறேன் என்று டாக்டரிடம் மூன்று வருடம் சொல்லவே இல்லை! சொன்னால் இந்த வயதில் வேண்டாம் என்பாரோ என்று பயம். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் ரொம்ப இறங்குவது அபூர்வம், கிளிமிபிரைடு அப்படியில்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா மிதிக்கிறீர்களா என்று பார்க்காமல் அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும். 2016-ல் ஒரு ஞாயிறு காலை அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் கடுங்காப்பியோடு கிளம்பினேன். திரும்பி வரும்போது அப்பன் திருப்பதி தாண்டியதும் சட்டையெல்லாம் வேர்வை, வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கியது, அது ரோடு சரியில்லாததால் என்று நினைத்தேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, கேட்டால் சிரிப்பீர்கள், பழக்கதோஷத்தில் "சீனி இல்லாம ஒரு டீ" என்றேன். சொன்னது குழறியிருக்கிறது. கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வேர்த்து ஊத்துது, சீனி போட்டே தர்றேன், பேசாம குடிங்க" என்று தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அவர் என் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார், ஓட்டியதற்கு அல்ல, சொல்லாததற்கு. மாத்திரையை ஓட்டி முடித்து டிபன் சாப்பிடும்போது மாற்றினார், அப்புறம் அளவையும் பாதியாக்கினார். இது எனக்குச் சொன்னது, நீங்கள் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

அதிலிருந்து கிளம்புவதற்கு முன் விரலில் குத்திப் பார்க்காமல் சைக்கிளைத் தொடுவதில்லை. 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம். வழியில் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி சோதனை. முன்பெல்லாம் பையில் கோவில்பட்டி கடலை மிட்டாய்தான் வைத்திருந்தேன், ருசிக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கிவிடும், அவசரத்துக்கு ஆகாது. குளுக்கோஸ் பொடிதான் சரி.

கையில் ஒட்டிக்கொண்டு சுகரை ராப்பகலாகக் காட்டுகிற 14 நாள் சென்சார் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். அதில்தான் ஒரு விஷயம் புரிந்தது, நீளமாக ஓட்டிய அன்று ராத்திரி மூன்று மணிக்கு சுகர் இறங்குகிறது. அதுவரை கெட்ட கனவு, தலைவலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! ஆனால் ரத்தத்தில் இறங்குவது அதில் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஓட்டும்போது அதை மட்டும் நம்பாதீர்கள்.

உடம்பு விஷயம். 60 தாண்டியதும் இடது தோள்பட்டை இறுகிப்போனது, சுகர்காரர்களுக்கு இது சாதாரணமாக வருகிறதாம். ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்தியதும் பாதி வலி குறைந்தது. மெத்துமெத்தென்று ஜெல் சீட் போட்டது வீண் செலவு, அரை மணி நேரத்தில் மரத்துப்போகும், நடுவில் பள்ளம் விட்ட கெட்டியான சீட்டுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. பாதம்தான் எனக்கு இப்போது பெரிய கவலை, உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒரு நாள் ஷூவுக்குள் சின்னக் கல் கிடந்தது தெரியாமலே 20 கிலோமீட்டர் ஓட்டி, வீட்டில் கழற்றும்போது சாக்ஸில் ரத்தம். அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆனது, அத்தனை நாளும் சைக்கிள் இல்லை. சோதித்ததில் பி12 வைட்டமினும் குறைவு, அது குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும், மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் அப்படி ஆகலாம் என்றார் டாக்டர். இப்போது ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் போடுவதில்லை, சாயங்காலம் வீட்டுக்காரம்மா டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பாள்.

வேகமும் குறைந்துவிட்டது. அழகர்கோவில் இப்போது மாதம் ஒரு தடவைதான், மற்ற ஞாயிறுகளில் 24 கிலோமீட்டரோடு சரி. ஆடிக்காற்றில் அதுவும் கிடையாது. மகன் பேட்டரி சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறான். கௌரவக் குறைச்சல் என்று நினைத்துத்தான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், இறங்கி மீட்டரில் பார்த்தால் 162 இருந்தது 121, ஆக மிதிக்கத்தான் செய்கிறோம். 20 கிலோவுக்கு மேல் எடை, எங்கள் வீட்டு ஏழு படியில் அதை யார் தூக்குவது என்பதுதான் இன்னும் தீரவில்லை.