கரடிப்போக்குச் சந்தி ஸ்ரூடியோவில் திருத்திய பழைய படம்

கிளிநொச்சியில் பழைய படம் திருத்தக் கொடுக்க நல்ல இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, மாடியில் இருக்கிற சின்ன ஸ்ரூடியோ. வேலை கெதியாக முடியாது. நாலு நாள் என்றார்கள், ஒன்பது நாள் எடுத்தது. படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

நான் கொண்டுபோனது பக்கத்து வீட்டு ஐயாவின் படம். மாசியில் தவறிப்போனார். 2010இல் இரண்டு வீடும் பாரதிபுரத்துக்குத் திரும்பி வந்ததிலிருந்து பின்னேரத் தேத்தண்ணி எங்கள் திண்ணையில்தான். புதுத் தூள் வாங்கினால் உள்ளங்கையில் கொட்டி மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஐயாவின் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார், அம்மாயி (அம்மம்மா) இலங்கைக்கு. 1970இல் வீட்டார் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியபோது, 12 வயதுப் பெடியனை அம்மாயிக்குத் துணையாக விட்டுப் போனார்கள். பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்களாம். கூடலூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. 1977 கலவரத்தில் அம்மாயியும் அவரும் வன்னிக்கு ஓடி வந்தார்கள். புது விலாசம் அங்கே யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு கடிதமே இல்லை. 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போகிற கப்பலும் நின்றுபோனது.

கோச்சி ஏற முதல் எடுத்த அந்தப் படம்தான் மிச்சம். அப்பா, அம்மா, இரண்டு தங்கச்சிமார், ஓரத்தில் கதிரையைப் பிடித்தபடி இவர். 2009இல் அடையாள அட்டையோடு சொப்பின் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நந்திக்கடலைக் கடந்தார். தண்ணி உள்ளே போய்விட்டது. செட்டிகுளம் முகாமில் விரித்துக் காயவைத்தபோது அம்மாவின் முகம் இருந்த இடம் வெள்ளையாகிப் போயிருந்தது.

கருமாதிக்கு முன் படத்தைச் சட்டம் போட வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டாள். முதலில் வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் யாரோ ஒரு பெண்ணின் முகத்தைப் பொருத்தி, பின்னுக்கு நீல வானமும் போட்டுத் தந்தார்கள். மகள் பார்த்துவிட்டுக் கையில் வாங்கவே இல்லை.

இந்த ஸ்ரூடியோத் தம்பி படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். “ரீச்சர், ஐயாவின்ர அம்மாவை நான் கண்டதில்லை. நீங்களும் கண்டதில்லை. நான் எந்த முகத்தை வைக்கிறது?” என்று கேட்டார். மடிப்பு வெடிப்பு, பூஞ்சணக் கறை, கிழிந்த மூலை எல்லாவற்றையும் எடுத்தார். தங்கச்சிமாரின் சட்டைப் பூக்கூடத் தெளிவாக வந்திருக்கிறது. அம்மாவின் சேலைக் கரை, மடியில் வைத்த கை, காதுத் தோடு ஒன்று, அவ்வளவும் மீண்டிருக்கிறது. முகத்தில் அவர் கை வைக்கவில்லை. அந்த வெள்ளையின் ஓரத்தை மட்டும் கண்ணை உறுத்தாமல் மங்கலாக்கியிருக்கிறார்.

பத்துக்குப் பன்னிரண்டு அளவு. திருத்த 2,500 ரூபா, சட்டத்துக்கு 3,200. சட்டத்துக்கு அந்த விலை கூடத்தான், கண்ணாடி மெல்லிசு. திருத்திய வேலைக்கு இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஒன்று கவனியுங்கள்: அசலை விட்டுவிட்டு வரத் தேவையில்லை. நாங்கள் நிற்கும்போதே ஸ்கான் பண்ணிவிட்டு, ஐயாவின் படத்தை அதே சொப்பின் பையில் சுற்றி மகளின் கையில் கொடுத்தார்.