முன்திட்டமா, ஆறு மணி நேர அறிக்கையா? துறைமுகக் கணினிப் பாதுகாப்பில் மூன்று அரசு வழிகள்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1986இல் தனி மாவட்டமாகப் பிரிந்த தூத்துக்குடியில், துறைமுகக் கணினி முடங்கினால் டிரெய்லர் லாரிகளின் வரிசை எவ்வளவு தூரம் நீளும் என்பதை நகோயாவைக் கொண்டு கணிக்கலாம். 2023 ஜூலையில் அந்த ஜப்பானியத் துறைமுகத்தின் முனைய மென்பொருளை, பணம் பறிக்கும் கும்பல் ஒன்று பூட்டிவிட, ஏறத்தாழ இரண்டரை நாள் கன்டெய்னர்களை ஏற்றவோ இறக்கவோ இயலவில்லை.

இந்திய வழி பொதுச் சட்டத்தின் வழி. கணினித் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். துறைமுகமானாலும், சரக்குக்கான சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் நிறுவனமானாலும் விதி ஒன்றே. இந்த விரிவு அதன் பலம். ஆனால் கேடு நுழைந்த பிறகே அது பெரும்பாலும் பேசத் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இப்பொறுப்பு கடலோரக் காவல் படையினுடையது. 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, துறைமுக நிலையங்களும் அந்நாட்டுக் கொடி தாங்கிய கப்பல்களும் பொறுப்பதிகாரி ஒருவரை நியமித்து, பாதுகாப்புத் திட்டத்தை 2027 ஜூலைக்குள் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்; ஆண்டுக்கு இரு முறை ஒத்திகையும் நடத்த வேண்டும். பிற நாட்டுக் கப்பல்கள் இவ்விதிக்குள் வராதது பெரிய ஓட்டைதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் அறிவிக்கை என நிதானமாக நடந்தாலும், பொருளும் சேவையும் வழங்குவோரின் பாதுகாப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

என் சாய்வு அமெரிக்க வழியின் பக்கம். நம் கூடங்குளத்தில் 2019இல் நிர்வாகக் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்தபோதும், அந்தக் கணினி இருந்த வலையமைப்பு உலைக் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததாக அணுமின் கழகம் விளக்கியது. அப்படிப் பிரித்து வைப்பது முன்பே செய்ய வேண்டிய வேலை, எத்தனை விரைவாக அறிக்கை அனுப்பினாலும் அதற்கு ஈடாகாது. இதற்காகப் புதிய அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. 2004 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதிப்படி துறைமுகங்கள் வேலி, வாயில், காவலுக்கான திட்டத்தையும் அதற்கான அதிகாரியையும் ஏற்கெனவே வைத்துள்ளன. அத்திட்டத்திலேயே கணினிக்கும் ஓர் அத்தியாயம் சேர்த்து, அதை எழுதும்போது துறைமுகத்தோடு நாள்தோறும் ஆவணங்களைப் பரிமாறும் கிளியரிங் ஏஜென்ட்டுகளையும் உடன் அமர்த்திக்கொள்ளலாம்.