நாட்டு எலுமிச்சையா, பாலாஜியா, ரஸ்ராஜா? சொறி நோயை வைத்து ஒரு கணக்கு

எலுமிச்சை போடப் போகிறேன் என்று சொன்னால் தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோடு பக்கம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடிக்கு எத்தனை அடி?" எந்த ரகம் என்று கேட்பவர் குறைவு. நானும் அப்படித்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாட்டுக் கன்று அறுபது வைத்தேன். அதில் பாதியை வெட்டிவிட்டு இப்போது பாலாஜி நிற்கிறது, ஐந்தாவது வருடம். ரஸ்ராஜ் நான்கு செடி வரப்போரம் இருக்கிறது. மூன்றையும் ஒரே மண்ணில், ஒரே போர் தண்ணீரில் பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நடுநிலை எதிர்பார்க்காதீர்கள், நான் பாலாஜி கட்சி.

சட்டென்று முடிக்க வேண்டியதை முடித்துவிடுகிறேன். தண்ணீர், உரம், இடைவெளி, இதிலெல்லாம் மூன்றுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. மூன்று நான்கு வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். முள் இருக்கும், பறிக்கிற கைக்குத் தெரியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல ரகம் என்று பெயர் எடுத்தது, ஆனால் நான் வைத்துப் பார்த்ததில்லை. அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: சொறி நோய். இலையிலும் காயிலும் பழுப்பாய்ப் புடைத்து, தொட்டால் சொரசொரக்கும், சுற்றி மஞ்சள் வளையம் கட்டும். நாட்டு எலுமிச்சை வைத்த எல்லோருக்கும் இது தெரியும். "அது தோலோடு போச்சு, சாறு நல்லாத்தானே இருக்கு" என்று எங்கள் சித்தப்பா சொல்வார். உண்மைதான், சாற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நம்மிடம் வாங்குகிறவர் சாற்றைப் பிழிந்து பார்த்தா வாங்குகிறார்? ஆடியில் அம்மனுக்கு மாலை கட்டுகிறவர் ஒரு புள்ளி இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். ஆயுத பூஜைக்கு வண்டிச் சக்கரத்தில் நசுக்கப் போகிற பழத்தைக்கூடப் பார்த்துத்தான் பொறுக்குகிறார்கள். சொறிக்காய் கடைசியில் ஜூஸ் கடைக்கு, அவர்கள் சொல்கிற விலைக்குப் போகும்.

இதில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் பிடித்தது. எலுமிச்சைக்கு விலை இருப்பது மாசியிலிருந்து சித்திரை வரை. பூத்ததிலிருந்து பறிக்க ஐந்தாறு மாதம் ஆகும். அப்படியானால் கோடைக் காய்க்கான பூ ஆவணி, புரட்டாசியில் வந்தாக வேண்டும். தர்மபுரிக்கு வருடத்தில் மழை அதிகம் விழுவதும் அந்தச் செப்டம்பர், அக்டோபரில்தான். பூ உதிர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் வரை காய்த்தோல் இளசாக இருக்கும், சொறி ஏறுவதும் அப்போதுதான். அதாவது, நல்ல விலைக்குப் போக வேண்டிய காய் மழையிலும் காற்றிலும்தான் வளர்ந்து வர வேண்டியிருக்கிறது. மழை குறைந்த காலத்தில் விளைகிற சுத்தமான காய்க்குச் சந்தையில் கேட்பாரில்லை. ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் பிறகு.

நாட்டு எலுமிச்சை சொறிக்கு ஏன் இப்படி விழுகிறது? நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, ஆனால் இந்த விஷயத்துக்காகத் திரும்பப் படித்தேன். சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியா மழைத்துளியோடு இலைத்துளை வழியாகவோ, முள் கிழித்த காயம் வழியாகவோ உள்ளே போகிறது. போனதும் ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் புரதங்களை மரத்தின் செல்லுக்குள் செலுத்துகிறது. அதில் பிடிஎச்ஏ4 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்கே போய்விடும். அங்கே மரத்தின் டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படித்து, எல்ஓபி1 என்ற மரபணுவுக்கு முன்னால் இருக்கும் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து அதை முடுக்கிவிடும். இந்தக் குடும்பப் புரதங்கள் எழுத்தைப் படிக்கும் விதத்தை 2009-இல் கண்டுபிடித்தார்கள். எல்ஓபி1 முடுக்கப்பட்டதும் செல்கள் பெருத்து, தோல் புடைத்து வெடிக்கிறது. வெடித்த வழியில் பாக்டீரியா கோடிக்கணக்கில் வெளியே வந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது.

ஆக, சொறியின் புடைப்பைக் கட்டிக் கொடுப்பது மரமே. அதன் மரபணுவை வைத்தே அதற்குச் சூனியம்! அதனால்தான் எல்ஓபி1-ஐ நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு என்கிறார்கள். அதைத் திருத்தினால் என்ன ஆகும் என்று 2017-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் டங்கன் என்ற கிரேப்ஃப்ரூட் (திராட்சையல்ல, எலுமிச்சைக் குடும்பத்துப் பெரிய பழம்) ரகத்திலும், சீனாவில் வான்ஜின்செங் ஆரஞ்சிலும் செய்து காட்டினார்கள். சொறி நன்றாகவே குறைந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. சில மரங்கள் பாக்டீரியா வந்ததைச் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். உடனே அந்த இடத்துச் செல்லை மட்டும் சாகவிட்டு, பாக்டீரியா பரவ வழியில்லாமல் செய்துவிடும். கும்க்வாட் என்ற குட்டி ஆரஞ்சு இதில் கெட்டி. சொறி பாக்டீரியாவில் ஏடபிள்யூ என்றொரு பிரிவு இருக்கிறது. அதன் ஒரு புரதத்தைக் கண்டதும் கிரேப்ஃப்ரூட் எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது. நம் எலுமிச்சைக்கு அந்த மணியே கேட்பதில்லை, அந்தப் பிரிவும் அதன்மேல் நோகாமல் ஏறிக்கொள்கிறது.

"நல்ல விதையாப் பாத்துப் போட்டா ஒண்ணு ரெண்டு தாங்குற கன்னு கெடைக்காதா?" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். அங்கேயும் ஒரு சிக்கல். எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருக்கும், அதில் பெரும்பாலும் தாய்மரத்தின் திசுவிலிருந்தே வந்தது. தகப்பன் பங்கு இல்லாத கன்று அது, தாயின் நகல். தாய் சொறிக்கு விழுந்தால் நூறு கன்றில் பெரும்பாலானவை விழும். என் அறுபதும் அப்படித்தான் ஒரே அச்சில் வந்தன.

இதே குணம் பாலாஜிக்குச் சாதகம். திருப்பதி ஆராய்ச்சி நிலையம் தந்த இந்த ரகம் சொறியைத் தாங்கும் என்பதற்காகவே பேசப்படுவது, விதைக்கன்றிலும் அந்தக் குணம் பெரும்பாலும் அப்படியே வரும். என் மரங்களில் பார்த்ததைச் சொல்கிறேன். சொறி வராமல் இல்லை, வருகிறது. இலையில் ஒன்றிரண்டு சின்னப் புள்ளியோடு நின்றுவிடுகிறது. பக்கத்து வரிசை நாட்டு மரத்தில் அதே மழைக்குக் குச்சிவரை ஏறி, நுனி காய்ந்து நிற்கும். காயில்தான் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறது. போன மாசியில் நாட்டு மரத்துக் காயில் பாதிக்குமேல் ஒதுக்கினேன். பாலாஜியில் ஒதுக்கியது ஒரு கூடைகூட இல்லை.

மருந்துச் செலவுக்கு வருகிறேன். சொறிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு மூன்று கிராம், அல்லது ஒரு சத போர்டோ கலவை. இரண்டும் தாமிர மருந்துதான். தாமிரம் இலைக்கு மேலேதான் நிற்கும், உள்ளே போகாது. இன்று அடித்த பிறகு நாளை விரிகிற தளிருக்குப் பாதுகாப்பு கிடையாது. எலுமிச்சையோ வருடத்தில் மூன்று நான்கு முறை தளிர் விடும். நாட்டு மரத்துக்கு ஒவ்வொரு தளிருக்கும் இரண்டு முறை அடித்தேன். புரட்டாசி மழையில் அடித்தது அன்று சாயங்காலமே கழுவிக்கொண்டு போகும். அந்த மாதம் தக்காளி பறிப்பும் சேர்ந்துகொண்டால் எங்கள் பக்கம் ஸ்ப்ரேயர் தூக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாலாஜிக்கு இப்போது புதுத் தளிர், காய்ப் பிடிப்பு இந்த இரண்டு சமயத்தில் மட்டும் அடிக்கிறேன், மழைக்கு முன்னால் காய்ந்த நோய்க்குச்சிகளைக் கவாத்து செய்து எரித்துவிடுகிறேன். மருந்துக் காசைவிட ஆள் தேடி அலைவது மிச்சம். ஆன்டிபயாட்டிக் கலந்து அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. மனுஷனுக்கான மருந்தை மரத்துக்கு ஊற்ற எனக்கு மனசில்லை, விட்டுவிட்டேன்.

இலைத்துளைப்பானுக்கு மட்டும் பாலாஜி விதிவிலக்கு இல்லை. அந்தப் புழு இளந்தளிரில் வெள்ளிக் கோடு கோடாய்ச் சுரங்கம் தோண்டும். பாக்டீரியாவுக்கு அதைவிட அகலமான வாசல் கிடையாது. என் மரத்தில் சொறி கொஞ்சம் கூடிய இரண்டு தடவையும் முதலில் வந்தது புழுதான். வேப்ப எண்ணெய் அடிக்கிறேன், தளிர் விரியும் முதல் வாரத்திலேயே.

ரஸ்ராஜ் பெங்களூர் ஹெசரகட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் கலப்பினம், நம் எலுமிச்சையையும் அதன் உறவான, காய் பெரிதாக இருக்கும் லெமன் வகை ஒன்றையும் சேர்த்தது. இதுவும் சொறி தாங்கும் ரகம்தான். நான்கு செடியை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, மூன்று வருடம்தான் ஆகிறது. இலை சுத்தமாக இருக்கிறது, அது நிஜம். காய் பெரிது, சாறு கொட்டுகிறது, புளிப்பு குறைவு. என் தயக்கம் சந்தையில். தர்மபுரியில் காட்டியபோது வியாபாரி கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம எலுமிச்சங்கா மாதிரி இல்லீங்களே" என்று வைத்துவிட்டார். மாலைக்குப் பெரிதாகப் போய்விடுகிறது, ஊறுகாய்க்குப் புளிப்பு போதவில்லை என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். ஜூஸ் கடைக்கு நேரடியாகக் கொடுக்க முடிந்தவருக்கு, ஓசூர், பெங்களூர் போக்குவரத்து இருப்பவருக்கு இது என்னைவிட நன்றாக ஒத்துவரலாம்.

பாலாஜி வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. முதல் தடவை ஒரு நர்சரியில் பாலாஜி என்று வாங்கிவந்த முப்பத்தைந்தில் பன்னிரண்டு, முதல் மழைக்கே நாட்டு மரம் மாதிரி சொறி பிடித்தது. கேட்டால், "மண்ணு ஆகலீங்க" என்றார்கள். பன்னிரண்டையும் பிடுங்கிப் போட்டேன். இப்போது கோடையில் கன்று வாங்குவதே இல்லை, அப்போது எல்லாக் கன்றும் அழகாகத்தான் இருக்கும். மழை பெய்து ஒரு தளிர் விரிந்த பிறகு போய், இலையைத் திருப்பி அடிப்பக்கமும் தடவிப் பார்த்து எடுக்கிறேன்.

மேற்குப் பக்கம் இன்னும் இருபது நாட்டு மரம் இருக்கிறது. இந்த வருடம் பத்தை வெட்டுகிறேன். குழி எடுத்தாயிற்று, ஒன்பது பாலாஜிக்கு, ஒன்று ரஸ்ராஜுக்கு. அது வீட்டு ஜூஸுக்கு.