புது பேங்க் கார்டு: துபாய்க்கே வரவழைக்கவா, மார்த்தாண்டம் வீட்டுக்கா?

என்ஆர்ஈ கார்டு (வெளிநாட்டுல இருக்கிற நம்மள மாதிரி ஆளுக இந்தியாவுல வச்சிருக்கிற என்ஆர்ஈ அக்கவுண்ட்டோட கார்டு) தொலைஞ்சா மொதல்ல ஆப்ல பிளாக் பண்ணிருங்க. புதுசை நேரா துபாய்க்கு கூரியர்ல வாங்கினா கொண்டு வர ஆள் தேட வேண்டாம், ஆனா இங்க தபால் பெரும்பாலும் பிஓ பாக்சுக்குத்தான், அதனால கம்பெனி அட்ரசும் லோக்கல் மொபைல் நம்பரும் சரியா குடுக்கணும், இல்லேன்னா அலைச்சல்தான்.

எனக்கு மார்த்தாண்டம் வீட்டுக்கு வாறதுதான் பிடிச்சுது. அம்மா ஸ்பீட் போஸ்ட்ல கையெழுத்து போட்டு வாங்கி, திருவனந்தபுரத்துல பிளைட் ஏறுன பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட முந்திரிக்கொத்து பொதிக்குள்ள வச்சு குடுத்துவிட்டாவ, கவர் முழுக்க எண்ணெய், கார்டுக்கு ஒண்ணும் ஆகல. ஆள் கிடைக்கத்தான் ஒரு மாசம்!

எப்படி வந்தாலும், பேங்க்ல குடுத்த நம்பர் இந்திய சிம்னா ரோமிங்ல வச்சிருங்க, கார்டுக்கு பின் நம்பர் போட ஓடிபி வேணும். 2020-ல வந்த ரிசர்வ் பேங்க் ரூல்படி புது கார்டு இந்தியாவுக்குள்ள மட்டும்தான் ஓடும், வெளிநாட்டு யூஸை நாமதான் ஆன் பண்ணணும்.