கையடக்க ரெக்கார்டருக்கு வால்வு ப்ரீஆம்ப்: 12ஏஎக்ஸ்7-ஆ, 6418-ஆ?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கானா பதிவு செய்யப் போனால் என் பையில் ஒரு சின்ன ரெக்கார்டரும் டைனமிக் மைக்கும் இருக்கும். டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். அதை ரெக்கார்டரே பெருக்கினால் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். அதனால்தான் நடுவில் ஒரு ப்ரீஆம்ப், அதாவது சிக்னலை முன்கூட்டியே பெருக்கித் தரும் பெட்டி. முதலில் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வை (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) வைத்துக் கட்டினேன். இப்போது கையில் எடுத்துப் போவது 6418 என்ற சின்ன வால்வை வைத்துக் கட்டியது.

12ஏஎக்ஸ்7-இன் பெருமை எல்லோருக்கும் தெரியும். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (பெருக்கும் பகுதி), பெருக்கக் காரணி 100, கிட்டார் ஆம்ப் புண்ணியத்தில் இன்றும் புதிதாகத் தயாராகிறது. 6418-க்கு அந்த வசதி இல்லை. பழைய இருப்பில்தான் வாங்க வேண்டும்.

ஆனால் வெளியே எடுத்துப் போகும் கருவியில் முடிவு செய்வது பவர் சப்ளைதான். 12ஏஎக்ஸ்7-ஐ உள்ளே சூடாக்கும் ஹீட்டருக்கு மட்டும் 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 1.9 வாட். 6418-இல் அதே வேலையைச் செய்யும் இழைக்கு 1.25 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் போதும். 150 மடங்கு வித்தியாசம்! ஒரு பென்டார்ச் பேட்டரி, தொடரில் ஒரு 27 ஓம் ரெசிஸ்டர், இழைக்கு வேலை முடிந்தது. எலக்ட்ரான்களை இழுக்கும் பிளேட்டுக்கு மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்தால் 27 வோல்ட். சில மில்லி ஆம்பியர்கூட இழுக்காது என்பதால் அவையும் நெடுநாள் வரும்.

12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டுக்கு வழக்கமாக 200 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். கரன்டில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் கனமும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும். பேட்டரியில் ஓட்டினால் வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட்டின் ஸ்விட்சிங் இரைச்சல். அப்புறம் காசிமேட்டுக் காற்று. உப்பும் ஈரமும் படிந்த போர்டில் அத்தனை வோல்ட் இருந்தால் கசிவு ஏற்பட்டு பதிவில் 'பட பட' என்று கேட்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும். 27 வோல்ட்டில் அந்தப் பயம் இல்லை. கரன்டை டிசியாக்கும் ரெக்டிஃபயர், ஃபில்டர் எல்லாம் போய்விட்டதால் பழுது பார்க்கவும் அதிகம் இல்லை. பேட்டரி மாற்றுவதுதான் பராமரிப்பு.

முன்னால் ஒரு 1:10 இன்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் பேட்டரி செலவில்லாமல் 20 டெசிபல் கிடைக்கும். பின்னால் ஒரு ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வைத்தேன், ரெக்கார்டரின் லைன் இன்புட் வால்வின் சிக்னலை அமுக்காமல் இருக்க. சுத்த வால்வு என்று இனி சொல்ல முடியாதுதான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

6418-இன் உண்மையான குறை, தட்டினால் மணி மாதிரி ஒலிப்பது. ஸ்பாஞ்சில் சுற்றி, ரப்பரில் தொங்கவிட்டால் பாட்டுக்குப் போதும். பறைக்குப் பக்கத்திலேயே பெட்டியை வைத்தால் தாங்குமா என்பதற்கு உறுதி தர மாட்டேன். நான் தள்ளி வைத்துத்தான் பதிவு செய்திருக்கிறேன். கண்டென்சர் மைக்குக்கு இது உதவாது, அதற்கு வேண்டிய 48 வோல்ட் இதில் கிடையாது.

வீட்டிலேயே ஓர் அறையில் பதிவு செய்பவருக்கு 12ஏஎக்ஸ்7 நல்ல தேர்வு. வெளியே போகிறவர் 6418 கட்டட்டும். ப்ரீஆம்ப்பை ரெக்கார்டரின் மைக் ஜாக்கில் செருகுவதானால் மெனுவில் ப்ளக்-இன் பவரை (ஜாக் வழியாக மைக்குக்குப் போகும் சின்ன வோல்ட்) முதலில் அணைத்துவிடுங்கள். அவுட்புட்டில் ஒரு கப்பாசிட்டரும் இருக்கட்டும்.