பைப்ராஜெக்ட்.டாமல்: சில வருடம் புழங்கிய பிறகு

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம் பக்கக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம், எல்லாம் பைத்தான். 2022-ல் செட்டப்டூல்ஸ் 61 (பைத்தான் நிரலைப் பேக்கேஜாகக் கட்டும் கருவி) வந்ததும் புராஜெக்டின் பெயர், வெர்ஷன், டிபென்டன்சி (நிரல் ஓடத் தேவையான மற்ற லைப்ரரிகள்) எல்லாவற்றையும் செட்டப்.பை கோப்பிலிருந்து பைப்ராஜெக்ட்.டாமல் என்ற கோப்புக்கு மாற்றிவிட்டோம். அதற்கான பெப் 621 (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கொண்டுவர எழுதும் முன்மொழிவு) வந்தது 2020-லேயே.

செட்டப்.பை ஒரு நிரல். உள்ளே என்ன லைப்ரரி கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே அதை ஓடவிட வேண்டும், அது மேலே வேறு எதையாவது இம்போர்ட் செய்திருந்தால் அதையும் முன்னாடியே போட்டு வைத்திருக்க வேண்டும், சுத்தத் தலைவலி. டாமல் வெறும் தரவு, திறந்து படித்தால் முடிந்தது. பைத்தான் 3.11 முதல் டாமலைப் படிக்கும் டாம்லிப் கூடவே வருவதால், எந்தப் புராஜெக்ட் எந்த லைப்ரரியைக் கேட்கிறது என்று பார்க்க இருபது வரி ஸ்கிரிப்ட் போதும்.

பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) ஃப்ரீஸ் கட்டளையில் கக்கிய அச்சு அசல் வெர்ஷன் பட்டியலை அப்படியே டிபென்டன்சி பட்டியலில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும். டாமலில் ‘குறைந்தது இந்த வெர்ஷன்’ என்று தளர்வாக எழுதுங்கள், அச்சு அசலான எண்கள் ரெக்கொயர்மென்ட்ஸ் கோப்பில் தனியாக இருக்கட்டும். நெட் ஒழுங்காக வராத கடைகளுக்கு அந்தக் கோப்பை வைத்துத்தான் பிப் டவுன்லோட் செய்து, பென்டிரைவில் கொண்டுபோய், நோ-இண்டெக்ஸ் (நெட்டில் தேடாதே) போட்டு நிறுவுகிறோம். கடை கம்ப்யூட்டர் பழைய 32 பிட் விண்டோஸ் என்றால், இறக்கும்போதே பிளாட்ஃபார்மையும் பைத்தான் வெர்ஷனையும் சொல்லி, ஒன்லி-பைனரியும் (தயாராகக் கட்டியதை மட்டும் எடு) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே போய் முழிக்க வேண்டியதுதான்.

ரசீது பிரிண்டருக்கான லைப்ரரி எல்லாக் கடைக்கும் தேவையில்லை, அதனால் அது ஆப்ஷனல் டிபென்டன்சியில். நிரலைச் சோதிக்கும் பைடெஸ்ட் மாதிரி எங்களுக்கு மட்டும் வேண்டியவற்றையும் ரொம்ப நாள் அங்கேயேதான் வைத்திருந்தோம், வேறு இடம் இல்லை. ஆனால் அங்கே எழுதுவதெல்லாம் வீல் கோப்பின் (நிறுவத் தயாரான பேக்கேஜ்) மெட்டாடேட்டாவில், அதாவது பேக்கேஜைப் பற்றிய விவரங்களில், ஏறி வெளியே போய்விடும். 2024-ல் பெப் 735 ஏற்கப்பட்ட பிறகு டிபென்டன்சி குரூப்ஸ் என்று தனி இடம் கிடைத்தது, பிப் 25.1 அதைப் புரிந்துகொள்கிறது. எனக்குக் கேட்டால், மாறியதிலேயே உருப்படியான விஷயம் இதுதான்.

வெர்ஷன் எண்ணை நிரலுக்குள் இன்னொரு முறை எழுதாமல் நிறுவிய பேக்கேஜின் விவரங்களைப் படித்துச் சொல்லும் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டாவிடம் கேட்டு வாங்குகிறோம். இதில் ஒரு கொக்கி உண்டு: நிரலை பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் எக்ஸ்இ ஆக்கினால் அந்த மெட்டாடேட்டா தானாக உள்ளே வராமல் போகலாம், ‘அப்படி ஒரு பேக்கேஜே இல்லை’ என்று விழும். காப்பி-மெட்டாடேட்டா என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சரி.

லாக் கோப்புக்கும் (எல்லா லைப்ரரிகளின் வெர்ஷனையும் அச்சு அசலாகப் பூட்டி வைப்பது) பெப் 751 மூலம் 2025-ல் பொது வடிவம் வந்துவிட்டது, பைலாக்.டாமல் என்று பெயர். ஆனால் பிப் 25.1-ல் வந்த லாக் கட்டளைக்குப் பக்கத்திலேயே ‘சோதனை நிலை’ என்று எழுதியிருந்ததால் கடைக்காரர்களின் பில்லை நம்பி அதில் இறங்கவில்லை, பென்டிரைவில் பழைய ரெக்கொயர்மென்ட்ஸ் கோப்பேதான் போகிறது.